எந்தப் பாஷையில் விஷமம்?

இன்று காலை மாடிவீட்டு மலையாளத்துப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சையில் தோற்றுவிட்டாளாம். "எனிக்கு விஷமமாணு, ஆன்ட்டி" என்றாள். சட்டென்று உன் முகம் கண்முன் வந்துவிட்டது. அதிலிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன், காப்பி ஆறியதுகூடத் தெரியாமல்.

மலையாள எல்லையோரத்து நம் மீனாட்சிபுரத்தில் விஷக்காய்ச்சல் பரவிப் பள்ளிக்கூடத்தை மூடிய வருஷம் அது. நமக்குப் பதினான்கு வயது. யாராவது ஒருவர் படுக்காத வீடே இல்லை. முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள். உன் அம்மா எழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே, காய்ச்சலில் கிடந்த இரண்டு தம்பிகளும் அடுப்பும் மாடும் உன் தலையில் விழுந்தன. நீ பேச்சையே விட்டுவிட்டாய். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாய். கன்றைக் கட்ட மறந்தாய். அது பால் முழுவதையும் குடித்துவிட்டது. உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தம்பிகளைப் பார்க்க வந்த மலையாளத்து நர்ஸம்மா உன்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். போகும்போது பக்கத்து வீட்டுக்காரியான என்னைக் கூப்பிட்டு, "ஈ குட்டிக்கு நல்ல விஷமமுண்டு. அச்சனோடு பறயணம்" என்றார். ஊரிலேயே எனக்குத்தான் மலையாளம் தெரியும் என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம். நேரே உன் அப்பாவிடம் ஓடினேன்.

"ஏனுங்க மாமா, இவ ரொம்ப விஷமம் பண்றாளாமுங்க. நர்ஸம்மா உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"ஆத்தா போன ஊட்டுல விஷமமா?" என்று கேட்டவர், என் கண்முன்னாலேயே உன்னை அறைந்தார். "இனிப் பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நீ அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து சோற்றையும் விட்டாய். மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். நான் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாய்.

அடுத்த வாரம் வந்த நர்ஸம்மா உன்னைப் பார்த்துப் பதறிப்போனார். நான் சொன்னதைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ குட்டீ, விஷமம் எந்நால் சங்கடமாணு!"

சங்கடம். நான் சேட்டை என்று சொல்லி அடிவாங்கிக் கொடுத்தது உன் துக்கத்துக்கு. அழுதுகொண்டே தோட்டத்துக்கு ஓடி உன் அப்பாவிடம் சொன்னேன். மடையைக்கூட அடைக்காமல், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். கொட்டகையில் சாணித்தரையிலேயே உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்முணி, சங்கடமா இருக்குதா?" என்று கேட்டார். "எனக்குந்தான் கண்ணு."

அப்போதுதான் நீ அழுதாய். அம்மா போனதற்கு அன்றுதான் முதன்முதலாக அழுதாய். பள்ளிக்கூடம் திறந்த அன்று பால் கறந்து, தம்பிகளுக்குக் கஞ்சி காய்ச்சி, உன் பையை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

என்னை நீ ஒரு நாளும் திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்தாய். என் பேரன் விஷமம் பண்ணுகிறான் என்று போனில் சொன்னால்கூட, "எந்தப் பாஷையிலடி?" என்பாய். சிரித்துவிட்டு, "நெசமாத்தான் கேக்கறேன். அவன்கிட்டக் கேட்டுப் பாரு" என்பாய். கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை மலையாளமாகத்தான் இருந்தது.

இன்றும் அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லவில்லை. படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், முழங்கால் வலியோடு.

நீ போய் இரண்டு மாதமாகிறது. எனக்கு ரொம்ப விஷமமாக இருக்குதடி. நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: மலையாளத்தில்தான்.