சீமாட்டிக்கு ஊற்றிய பால்

என் கண்ணான பாக்கியத்துக்கு,

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதும்படியான தூரத்துக்கு நீ போனதும் இல்லை. திருமழிசையில் அம்மா வீட்டுக்குப் போனால்கூட மறுநாளே மூட்டையோடு வந்து நிற்பாய். "உன்ன நம்பி எப்டிய்யா ஊட்ட உட்டுட்டு அங்க குந்திகினு கீறது?" என்பாய். இப்போது போயிருக்கிற இடத்துக்குத் தபால் கிடையாது என்று தெரிந்தும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது யார் கண்ணில் பட்டாலும் படட்டும். நசரத்பேட்டைத் தையல்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

உன் பூனை சீமாட்டியை நேற்று வழியனுப்பிவிட்டு வந்தேன். எப்போது அனுப்புவது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் ஊர்ச் சேதி. சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. பெங்களூர் ரோட்டில் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. வாசலில் உலர்த்திய துணியெல்லாம் புழுதி நிறம். ஆவடியில் பெரிய முகாம் போட்டிருக்கிறார்கள், அங்கே இருக்கிற சிப்பாய்களுக்குக் கால்சட்டை தைப்பது உன் வீட்டுக்காரன் என்றால் நம்புவாயா? இந்தப் பக்கத்தில் மிஷின் வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் இப்போது காக்கிதான். ரவிக்கைக்குக் கை வெட்டுவதே எனக்கு மறந்துவிடும் போலிருக்கிறது. அரிசி கண்ட்ரோலில் வருகிறது, அதில் பாதி கல். நீ இருந்தால் முறத்தில் புடைத்துக்கொண்டே வெள்ளைக்காரனை ஒரு பிடி பிடித்திருப்பாய்.

காஜா எடுக்கவும் பித்தான் தைக்கவும் ஆள் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வைக்கவில்லை, நானே செய்கிறேன். என் காஜா உன் காஜா மாதிரி இல்லைதான், ஆனால் சிப்பாய் என்ன, பித்தான் துளையை உற்றுப் பார்த்துக்கொண்டா சண்டை போடப் போகிறான்? மிஷினுக்குப் பக்கத்தில் நீ உட்காரும் பாயில் இன்னொருவர் உட்கார்வதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அந்தப் பாயில் நீ போனதிலிருந்து சீமாட்டிதான் இருந்தாள்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு மீன் வாங்கப் போனவள், முந்தானையில் ஒரு குட்டியையும் சுருட்டிக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? தரையில் போட்ட சோற்றை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டில் வைத்த பிறகுதான் வாய் வைத்தது. "யம்மா, இவ இன்னா பெரிய சீமாட்டியா?" என்றாய், அதுவே பேராகிவிட்டது. நான் மட்டும் சனியன் என்றுதான் கூப்பிடுவேன். தைத்த துணியிலெல்லாம் அதன் முடி. நீ 'அவள்' என்பாய், நான் 'அது' என்பேன். இப்போது பார், நானும் அவள் என்றுதான் எழுதுகிறேன். நீ போன வீட்டில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, பாக்கியம்.

மாசியில் அவளுக்குச் சாப்பாடு குறைந்தது. கெண்டை வாங்கி முள் எடுத்து வைத்தால் முகர்ந்துவிட்டு நகர்ந்துகொள்வாள். பிறகு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. கூடையில் வைத்துச் சைக்கிளில் பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே எருதும் எருமையுமாக நிற்கிறது, நடுவில் நான் பூனைக் கூடையோடு போய் நின்றேன். வண்டிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன், "இன்னா மாமே, இத்த ஏர்ல கட்டப் போறியா?" என்று கேட்டான். 

டாக்டர் சிரிக்கவில்லை. வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். "தொண்டைக்குள்ளே கட்டி. இது ஆறுகிற கட்டி இல்லை. பட்டினியிலதான் முடியும்" என்றார். விளக்கை அணைத்துவிட்டு, "வலி தெரியாம தூங்க வைக்க மருந்து இருக்கு. மயக்க மருந்துதான், கொஞ்சம் கூடுதலா. எப்பன்னு நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

எப்போது என்று நான் சொல்ல வேண்டுமாம்! கால்சட்டைக்கு இடுப்பளவு சொல்லச் சொன்னால் சொல்வேன். இதை எந்த நாடாவை வைத்து அளப்பது? கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு அது தெரியாது, அப்போது நீ தெரிகிற நிலையில் இல்லை.

காய்ச்சலில் நீ கண் மூடாமல் கிடந்தாயே, அந்தக் கடைசி நாளில் உன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உன் வாயில் பால் ஊற்றினார்கள். எல்லோரும் ஊற்றியும் உயிர் பிரியவில்லை. "உன் கைக்குத்தான் காத்துகினு கீறா, ஊத்தி அனுப்பு நைனா" என்று உன் பெரியம்மா என் கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். ஊற்றினேன். ஒரு மடக்கு உள்ளே போயிற்று. என்னைப் பார்த்தாய். அவ்வளவுதான்.

நல்ல சாவு, புருஷன் கையால் பால் குடித்துப் போனாள் என்று ஊரே சொல்லிற்று. எனக்கு மட்டும் ஒரே கேள்வி. நான் ஊற்றாமல் இருந்திருந்தால் நீ இருந்திருப்பாயோ? இன்னும் ஒரு நாள்? அதில் காய்ச்சல் இறங்கியிருக்குமோ?

அதன் பிறகு வீட்டில் பால் வாங்குவதை விட்டேன். நீ தினமும் விடியலில் வாசலில் வைக்கும் பித்தளைச் சொம்பைப் பரணில் கவிழ்த்தேன். எனக்குக் கடுங்காப்பி. சீமாட்டிக்கு மட்டும் பால்காரி கன்னியம்மா போகிற போக்கில் வாசற்படியில் இருக்கும் கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போவாள். அதைப் பார்க்காமல் நான் உள்ளே இருந்துகொள்வேன்.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், "இனிமே அவளுக்குப் பால் ஊத்தாதே" என்று கன்னியம்மாவைத் தடுத்துவிட்டேன். நோயில் கிடக்கிற உயிருக்குப் பால் ஊற்றினால் அது வழியனுப்புகிற பால் ஆகிவிடாதா? கஞ்சித் தெளிவு கொடுத்தேன். மீன் சாறு கொடுத்தேன். இளநீர்கூடக் கொடுத்தேன். பால் மட்டும் கொடுக்கவில்லை. பூனை வளர்க்கிறவன் செய்கிற காரியமா இது? ஆனால் செய்தேன். பால் கொடுக்காத வரைக்கும் அவள் போகமாட்டாள் என்று நம்பினேன்.

அவளானால் தினமும் காலையில் தட்டுத்தடுமாறி எழுந்து, பாயை விட்டு வாசற்படிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். ரோட்டையே பார்ப்பாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள், இருந்தாலும் அந்த ஒரு நடை தவறாது. உனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அதில் எனக்கு ஒரு சந்தோஷமே இருந்தது. நானும் மிஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். உன்னை எதிர்பார்க்க இந்த ஊரில் எங்கள் இரண்டு பேரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன வாரம் ஒரு நாள் கன்னியம்மா காலிக் குடத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் ஊர்ப்பால் முழுவதையும் முகாம் காண்டிராக்டர் அள்ளிக்கொண்டு போய்விடுகிறான். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு பேரும் இப்டி குந்திகினு கீறீங்க?"

"பாக்கியம் வருவாளான்னு பாத்துகினு கீறா" என்றேன்.

கன்னியம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. குடத்தை டங்கென்று கீழே வைத்தாள்.

"பாக்கியத்தயா பாக்குது? என் கொடத்த பாக்குதுய்யா! தெனம் நான் வர்ற நேரத்துக்கு வந்து குந்துது, நான் கண்ண மூடிகினு போறேன். பாலுக்கு ஏங்கிகினு கீது அந்த ஜீவன். நீ இன்னாடான்னா கத கட்டிகினு கீறே. பூனைக்குப் பால் ஊத்தாத ஊடு ஒண்ணு கீதுன்னா அது உன் ஊடுதான்!"

சீமாட்டி கன்னியம்மாவின் காலிக் குடத்தை முகர்ந்துகொண்டு நின்றாள். உனக்காக என்று நான் நினைத்த அத்தனை காலையும் அவள் பசியோடு உட்கார்ந்திருந்தாள். காத்திருந்தது நான் மட்டும்தானா, பாக்கியம்?

"கொஞ்சம் கெடைக்குமா, கன்னிம்மா?" என்றேன்.

"இன்னிக்கு எல்லாத்தயும் ஊத்திட்டேனே. இரு, கன்னுக்கு உட்டது மடியில கொஞ்சம் இருக்கும், பீச்சிகினு வர்றேன்" என்று ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில், நுரையோடு, வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று உனக்கு ஊற்றிய அதே கைதான். விரலைத் தோய்த்துச் சீமாட்டியிடம் நீட்டினேன். நக்கினாள். இன்னொரு தரம் நக்கினாள். பிறகு என் விரலைத் தள்ளிவிட்டுக் கொட்டாங்குச்சியில் வாயை வைத்து, வலியோடு, நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சு நிற்கப் போகிறது, நிற்கப் போகிறது என்று.

நிற்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டாள். காக்கித் துணிக் குவியலில் ஏறிப் படுத்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் தொண்டையில் அந்தக் குர்ர் சத்தம் கேட்டது.

வெட்கமில்லாமல் அழுதேன். கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால் யாரையும் அனுப்புவதில்லை, பாக்கியம். நீ போகிற நேரத்தில் போனாய். போகும்போது உனக்கு நாக்கு வறண்டிருந்தது, அதற்கு நான் ஒரு வாய் பால் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை காலம் இந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் இருந்தது.

பிறகு சில நாள் சீமாட்டி நன்றாக இருந்தாள். கன்றுக்குப் போக மிஞ்சியதைக் கன்னியம்மா கொண்டுவருவாள். காஜா எடுக்கும்போது சீமாட்டி வந்து, உன் மடியில் படுப்பதுபோல் என் மடியில் படுத்துக்கொள்வாள். காலம் இப்படியே நின்றுவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். ஆசைப்படுவதில் என்ன தப்பு?

நேற்றுக் காலை பாலும் இறங்கவில்லை. நாக்கை நீட்டினாள், தொட்டாள், பால் அப்படியே வாயோரமாக வழிந்துவிட்டது. மறுபடி முயன்றாள். வழிந்த பாலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். எப்போது என்று டாக்டர் கேட்டாரே, அதற்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். இனிமேல் நான் வைத்துக்கொண்டால் அது எனக்காக வைத்துக்கொள்வதுதான்.

கூடையில் உன் பழைய பச்சைப் புடவையை விரித்தேன். வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள். பூனையைக் கொல்வது ஏழு ஜென்மத்துப் பாவம் என்று முன்பு என்னை மிரட்டியவள் அவள்தான். அவள் ஏதாவது சொல்லித் தடுத்தால் திரும்பிவிடலாம் என்றுகூட எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அவள் குனிந்து கூடைக்குள் பார்த்தாள்.

"இட்டுகினு போ அண்ணாத்தே. பாவம் வந்தா எனக்குப் பாதி" என்றாள். ஒரு சின்னச் சீசாவில் பால் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

சைக்கிளில் ஏறவில்லை. குலுங்கினால் சீமாட்டிக்கு வலிக்கும் என்று பூந்தமல்லிவரை தள்ளிக்கொண்டே போனேன். லாரிகள் புழுதியைக் கிளப்பின, அப்போதெல்லாம் ஓரமாக நின்று புடவையை மூடிவிட்டேன். வழியெல்லாம் அவளோடு பேசினேன். நீதான் பேசுவாய், நான் கேட்பேன் என்று நினைத்திருந்தேன், எனக்கும் பேச வருகிறது.

டாக்டர் மருந்தை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று சீசாவைத் திறந்து, ஒரு சொட்டை அவள் உதட்டில் தடவினேன். முழுங்க முடியாது என்று தெரியும். வாசம் தெரிந்தால் போதும். இதுதான் நான் தெரிந்தே, மனசாரக் கொடுத்த வழியனுப்புப் பால். நீ திருமழிசைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று ஒன்று சொல்வேனே, அன்று உன்னிடம் சொல்ல வாய் வராமல் போயிற்றே, அதை அவளிடம் சொன்னேன்.

"பாத்துப் போம்மா."

என் கையில்தான் தலை வைத்திருந்தாள். தூக்கம் வருகிறபோது எப்படி இருப்பாளோ, அப்படித்தான் இருந்தாள்.

நீ வைத்த நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறேன், உன் புடவையோடு. இன்று வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. மிஷினை நிறுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. பாயைப் பார்க்கிறேன், யாரும் இல்லை. காக்கித் துணியிலிருந்து முடியைத் தட்டக் கை வரவில்லை. எந்தச் சிப்பாயோ அதைப் போட்டுக்கொண்டு போகட்டும். அவள் அங்கே வந்து சேர்ந்தாளா? தட்டில் வைத்தால்தான் தின்பாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சற்று முன்புதான் பரணில் ஏறிச் சொம்பை இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறேன். நாளைக் காலையில் கன்னியம்மா வரும்போது, நீ வைக்கிற அதே இடத்தில், வாசலில் அது இருக்கும். நான் பால் ஊற்றிக் காப்பி குடிப்பேன், பாக்கியம்.

இப்படிக்கு,
நீ நம்பி வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போன
உன் வீட்டுக்காரன்