சோலைவரி எடுக்கப் போன அப்பா

கோயிலடி வீதி,
மட்டக்களப்பு.
01.03.1998

அன்பு மகள் இராசாத்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். மூன்று கிழமைக்கு முந்தி என்றால் இந்த வரியை எழுத என் கை ஓடியிராது, இன்றைக்கு மனம் ஆறி எழுதுகிறேன். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகனும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரர் துணை நிற்கட்டும்.

விநாயகமூர்த்தி மாமா உனக்குப் போன் எடுத்து, அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற வரைக்கும் சொல்லி, லைன் அறுந்துபோனதாம். நீ அன்றிரவெல்லாம் என்ன பாடு பட்டிருப்பாய் என்று நினைத்தால் அவர் மேலே கோபம்தான் வருகிறது, ஆனால் அவரும் பதறிப்போய்த்தான் எடுத்தார். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். மாரி வெள்ளத்தில் கிளினிக் றோட்டில் இருந்த சின்னப் பாலம் அடித்துக்கொண்டு போனது உனக்கு முன்பே எழுதினேன். அதற்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சிகளைக் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கித்தான் அந்த வாய்க்காலைக் கடக்கிறார்கள், தைமாதம் ஒருத்திக்கு வாய்க்கால் கரையிலேயே குழந்தை பிறந்தது, நல்லவேளை தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். அப்பா வேலை செய்கிற உள்ளூராட்சிச் சபையில் பாலத்துக்குக் காசில்லை. கொழும்பில் இருந்து வருகிற காசு உத்தியோகத்தர் சம்பளத்துக்கு மட்டும்தான் காணும், தெருவிளக்கு, வடிகான் துப்பரவு, றோட்டு எல்லாம் சபை தானே வீட்டுக்கும் கடைக்கும் சோலைவரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பாலத்துக்கென்று எழுதிக் கேட்டதற்கு, உங்கள் சபை தன் பங்கை எடுத்து வைக்கட்டும், மிச்சத்தை அரசாங்கம் தரும், மாதம் முடிவதற்குள் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. சண்டை தொடங்கிய நாளில் இருந்து யார் ஒழுங்காக வரி கட்டினார்கள்? பாதிச் சனம் வீட்டை விட்டுப் போய்விட்டது, இருக்கிற சனத்திடம் ஆற்றுக்கு அக்கரையில் இயக்கமும் வரி எடுக்கிறது, இக்கரையில் சபையும் கேட்டால் அதுகள் எங்கே போகும். அப்படியிருந்தும் அப்பா கந்தோரில் குந்தியிருக்கவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போகத் தொடங்கினார்.

நான் அப்போதே சொன்னேன், பழைய ஆமிக்காரர் மாறிப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு உங்களைத் தெரியாது என்று. அவர் கேட்கவில்லை. சந்தியில் ஆமி காவல் நிற்கிற சென்றியில் மறித்துப் பையைத் திறந்தால் உள்ளே காசு, பற்றுச்சீட்டுப் புத்தகம், தமிழில் ஆட்களின் பேரும் வீட்டு இலக்கமும், பேருக்கு நேரே தொகையும். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இயக்கத்துக்கு வரி எடுக்கிற ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்பா தன் அடையாள அட்டையைக் காட்டி, நான் சபை உத்தியோகத்தர், இது அரசாங்க வரி என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார், அப்படியொரு வரியே அவர்கள் கேள்விப்பட்டதில்லையாம். சபைச் செயலாளர் கூட்டத்துக்கென்று திருகோணமலைக்குப் போயிருந்தார், வந்து சொல்ல ஆளில்லை. நான் ஓடிப்போய் முகாம் வாசலில் நின்றேன், உள்ளே விடவில்லை, பின்னேரம் வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன். அடுத்த நாளும் அதே கதைதான். கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்போதுதான் பின் ஒழுங்கை இரத்தினம்மா வந்தாள். ஷெல் விழுந்து அவளுடைய வீட்டுக் கூரை போனபோது, கூரையில்லாத வீட்டுக்கு முழு வரி கேட்க ஏலாது என்று கந்தோரில் அப்பா சண்டைபிடித்து வரியைக் குறைத்துக் கொடுத்தவர், அதை அவள் மறக்கவில்லை. முகாமுக்கு வெறுங்கையோடு போய் அழுது என்னக்கா செய்ய, சபைச் சீட்டு வைச்சிருக்கிற எல்லாரும் சீட்டோட போவம் எண்டாள். எனக்கு நம்பிக்கை இல்லை, வரி கேட்டதற்காக அப்பாவைத் திட்டுகிற சனம் அவருக்காக முகாமுக்கு வருமா என்று யோசித்தேன். விடிந்து பார்த்தால் வீதி முழுக்க ஆட்கள், ட்ரங்குப் பெட்டியில் கிடந்த சீட்டு, சுவரில் ஆணியில் குத்தியிருந்த சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பழைய சீட்டு ஒன்றும் கிடைக்காத ஒரு கிழவர் அன்று காலையிலேயே கந்தோருக்குப் போய் இந்த வருடத்து வரியைக் கட்டிப் புதுச் சீட்டோடு வந்தார். எல்லாரையும் விட நான் நினைக்காத ஆள் கடைக்கார ஆதம்பாவா. தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு அந்தப் பக்கத்து முஸ்லிம் ஆட்களும் நம் பக்கத்துத் தமிழ் ஆட்களும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகாமல் இருந்த காலம் உனக்குத் தெரியும். அவர் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து, சிங்களம் நான் கதைக்கிறன், நீங்க எல்லாரும் சத்தம் போடாம நில்லுங்க எண்டு சொல்லிவிட்டு முன்னுக்குப் போனார்.

அவர் முகாம் பெரியவனிடம் சொன்னதைப் பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். இந்த மனுசன் வருசா வருசம் என்ட கடைக்கு வாறவர், கான் வெட்டாத சபைக்கு என்னத்துக்கு வரி எண்டு நான் ஏசாத ஏச்சில்ல, பேசாம கேட்டுக்கிட்டு நிண்டு சீட்டு எழுதிட்டுப் போவார், இயக்கத்து ஆளெண்டா அவருக்கு ஏசிப்போட்டு நான் இண்டைக்கு உசிரோட நிப்பனா மாத்தையா எண்டாராம். அந்த அதிகாரி சிரித்துவிட்டானாம். மறுகா ஒவ்வொருவருடைய சீட்டையும் வாங்கி, அதில் இருக்கிற கையெழுத்தையும் முத்திரையையும் அப்பாவின் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள், மத்தியானம் ஆகிவிட்டது. வெயிலில் நின்ற ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. அப்பா வெளியே வந்தார், கால் வீங்கியிருந்தது, சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை, என்னைக் கண்டதும் சைக்கிள் எங்கே என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். வேறெதுவும் உனக்கு எழுதமாட்டேன், அவரும் எனக்கு எல்லாம் சொல்லவில்லை. அதே அறையில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பொடியன் ஒருவன் இருந்தானாம், அவன் இன்னும் வரவில்லை, அவன் பேரைக் கேட்டு வைத்து வந்து தாய்க்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் அப்பா அறிவித்துவிட்டார். சாப்பிடக் குந்தினால் அவனை நினைத்துக் கையை எடுத்துவிடுகிறார். அது ஒன்றுதான் எங்களுக்குப் பாரமாக இருக்கிறது.

மற்றப்படி நல்ல செய்திதான். அப்பா கட்டிலில் கிடந்த நாட்களில் சனம் தேடிவந்து வரி கட்ட நின்றது, வீட்டில் வாங்க ஏலாது, கந்தோருக்குப் போங்க என்று அனுப்பிவிட்டேன். சபையின் பங்கு சேர்ந்துவிட்டது, கடிதமும் தவணைக்குள் போய்விட்டது, வேலைக்கு ஆட்கள் வந்து வாய்க்காலை அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். நீ பிறகு போன் எடுத்து மாமாவிடம், அப்பாவை வேலையை விடச் சொல்லுங்கள் என்றாயாம். நானும் அதைத்தான் சொன்னேன். நான் விட்டால் இந்த வேலைக்கு ஒரு இளம் ஆளை அனுப்புவாங்க, அவனைப் பிடித்தால் யாருக்கு அவனைத் தெரியும் எண்டார். அதனால் இப்போது நானும் அவரோடு போகிறேன். நான் குடை பிடிக்கிறேன், அவர் சைக்கிளை உருட்டுகிறார், சென்றியில் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டி விடுகிறார்கள். போகிற வீடெல்லாம் தேத்தண்ணி, உம்மு குல்தூம், அதுதான் ஆதம்பாவாவின் பெண்சாதி, பிட்டுக்கூடக் கட்டித் தந்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் உன் அப்பாவோடு நான் இவ்வளவு தூரம் நடந்ததில்லை மகள்.

பிள்ளைக்குச் சளி பிடிக்கவிடாதே, மருமகனை இரவு வேலை குறைக்கச் சொல். முகாம் கதையைப் போனில் எடுக்காதே, சுகமா என்று மட்டும் கேள். கடவுள் உங்கள் மூவரையும் கண்போல் காப்பார், தீர்க்காயுசோடு இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே, இந்த வீடு உன் சீதனம், சபைப் புத்தகத்தில் உன் பேரில்தான் இருக்கிறது. இந்த வருடத்து வரியை அப்பா தன் காசில் கட்டி, செலுத்தியவர் இராசாத்தி நல்லரத்தினம் என்று தன் கையாலேயே எழுதினார். அந்தச் சீட்டை இதற்குள் வைத்திருக்கிறேன், பத்திரமாக வை.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா,
ந. சீதேவிப்பிள்ளை