கோடு விழாத தண்ணீர்

அடுத்த தெருவில் ஒரு புது வீட்டுக்கு மொசைக் தரை தேய்க்கிறார்கள். பால் வாங்கப் போனவள் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். நனைந்த சிமெண்டும் கல் தூளும் கலந்த வாசனை. குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். வெள்ளைத் தண்ணீர் தெருவில் ஓடியது. நீங்கள் இருந்திருந்தால் முதலில் உள்ளே போய்க் குழாயை மூடியிருப்பீர்கள். யார் வீடு என்று பிறகுதான் கேட்டிருப்பீர்கள்.

எனக்கோ உங்கள் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

வேங்கிக்காலில் நீங்கள் இருவரும் சேர்ந்து மொசைக் டைல்ஸ் பட்டறை நடத்திய காலம். ஊரில் லாட்ஜுகள் எழும்பிக்கொண்டிருந்தன, ஆர்டருக்குக் குறைவில்லை. கிணறுதான் வற்றிக்கொண்டே வந்தது. டைல்ஸ் தேய்க்க மோட்டார் நாள் முழுக்க ஓடும். தேய்த்த தண்ணீர் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் பாய்ந்து கடலைச் செடிகளைக் கெடுத்தது. நீங்கள் வரிசையாக மூன்று தொட்டி கட்டினீர்கள். சேறு அடியில் தங்க, மூன்றாவது தொட்டியில் தண்ணீர் தெளிந்து நிற்கும். முதல் தேய்ப்புக்கு அது. கடைசிப் பாலீஷுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர். மதியத்துக்கு மேல் மோட்டாருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வந்தவர்கள் எல்லாம் உங்களைப் பாராட்டினார்கள். அதுதான் உங்கள் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"டைல்ஸ் பட்டறையா, சாக்கடைப் பட்டறையா இது?" என்று ஆட்கள் முன்னால் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்த மாதமே லாட்ஜ் முதலாளி ஒரு லோடு டைல்ஸைத் திருப்பி அனுப்பினார். எல்லாவற்றிலும் கீறல் கோடு. "சாக்கடைத் தண்ணியில தேச்சா இப்டிதான் ஆவும்" என்று உங்கள் அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். உங்களைப் பட்டறையை விட்டே அனுப்பினார். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வாடகைக் கொட்டகை, ஒரு மிஷின், மறுபடி மூன்று தொட்டி. ஆனால் சாக்கடைக்காரர் என்ற பெயர் உங்களைவிட்டுப் போகவில்லை. நெஞ்சுவலி வந்து ஒரே வாரத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் காரியம் முடிந்த அன்று, அண்ணனிடம் மிஷின் ஓட்டிய முனுசாமி வந்து அழுதான். "பெரியவர்தாங்க அந்த லோடுக்குத் தொட்டியைக் கலக்கி, பாலீஷுக்குச் சேத்துத் தண்ணிய உடச் சொன்னாரு. தம்பிக்கும் தெரியுங்க. 'அண்ணன்தானே, உட்ரு. வீட்ல மட்டும் சொல்லிடாத'ன்னுட்டாரு."

தெரிந்தும் என்னிடம் மறைத்தீர்கள். உங்கள் மேலும் எனக்கு அந்தக் கோபம் உண்டு.

கொட்டகையை நான் மூடவில்லை. இரண்டு வருடம் மழை பொய்த்தது. வேங்கிக்காலில் உங்கள் அண்ணனின் மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. உங்கள் தொட்டித் தண்ணீரால் என் மிஷின் மட்டும் நிற்கவில்லை. அதே லாட்ஜ் முதலாளி கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்; முகூர்த்தத் தேதி குறித்தாகிவிட்டது. அண்ணனிடம் கொடுத்த மண்டபத்து டைல்ஸ் தேய்க்காமல் கிடந்தது. உங்கள் அண்ணன் என்னைத் தேடி வந்தார்.

"உன் மிஷின்ல தேச்சுக் குடும்மா. மானம் போவுது."

"சாக்கடைத் தண்ணியாச்சே மாமா. கோடு உழுமே?"

அவர் என் மூன்றாவது தொட்டித் தண்ணீரையே பார்த்தார்.

"தேச்சுத் தரேன். அந்த லோடுல கோடு எப்டி உழுந்துச்சுன்னு முதலாளிகிட்ட நீங்களே சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

மண்டப வாசலில், கொத்தனார்களும் சித்தாள்களும் பார்த்துக்கொண்டிருக்க, சொன்னார். தரையைப் பார்த்தே முணுமுணுத்தார். "சத்தமா சொல்லுங்க மாமா, அவங்களுக்குக் கேக்கல" என்றேன். மறுபடி சொன்னார். நான் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

ஒரு கோடுகூட விழாமல் தேய்த்துக் கொடுத்தேன். அதன்பின் ஆர்டர் எல்லாம் என்னிடம் வந்தது. அவர் பட்டறையைப் பூட்டினார். அந்தப் பூட்டைப் பார்ப்பதற்காகவே வேங்கிக்கால் வழியாகச் சுற்றிப் போவேன்.

அவர் படுக்கையில் விழுந்தபோது எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். "மனசுல எதையும் வெச்சுக்காதம்மா" என்றார். நீங்களாக இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பீர்கள்.

"வெச்சுக்குவேன் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இன்னும் வைத்திருக்கிறேன்.