மரத்தைச் சுற்றிக் கூட்டிய வட்டம்

பிப்ரவரி 9

காற்று சரியில்லை, இன்றும் கொளுத்தவில்லை. அதற்குள் பக்கத்து நிலத்து ஹார்லன் போனில் வந்துவிட்டார். “காட்டைக் காப்பாத்தறேன்னு சம்பளம் வாங்கிட்டு, அதுக்கே நெருப்பு வைக்கிறியே நடீன், நல்லாருக்கா?”

புதர் மண்டினால் மரங்கொத்தி தங்காது, அதற்குத்தான் தரைப்புதரை மட்டும் கொளுத்துகிறோம் என்று மறுபடியும் சொன்னேன். அவர் நிலத்தில் ஆள் நுழைய முடியாத புதர். அதைத்தான் அவர் காடு என்கிறார். தென் ஜார்ஜியாவில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே இல்லை.

பிப்ரவரி 12

தீ எப்படிப் பரவுகிறது என்று அளக்க, பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் எல்லரி வந்திருக்கிறார். புத்தம்புது பூட்ஸ். பைன் மரங்களில் வெப்பமானிகளைக் கட்டினார்.

மரங்கொத்தி கூடு வைக்கும் மரத்தைச் சுற்றிச் சருகைக் கூட்டி வெறும் மண்ணாக்கினேன். பொந்திலிருந்து பிசின் அடிமரம் வரை வழிந்திருக்கிறது. ஒரு பொறி போதும். எங்களிடம் மிச்சமிருப்பது ஒரே ஜோடி.

பிப்ரவரி 15

இன்று காற்று வாகாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் தீ வைத்துப் பார்த்தோம், சாதுவாகத்தான் போனது. பிறகு வரிசையாக வைத்தோம். திரும்பிப் பார்க்கிறேன் — கூடு இருக்கும் மரம் எரிகிறது! நான் கூட்டிய இடத்தில் சருகு எப்படி வந்தது?

எல்லரி முகம் வெளுத்து நின்றார். “இயற்கையா இருந்தாத்தான் அளவு சரியா வரும்னு... காலைல நான்தான் திரும்பப் பரப்பினேன்.”

அட மகராசா!

புகையைத் திட்ட வேலிக்கு வந்த ஹார்லன், தண்ணீர்த் தொட்டி கட்டிய டிராக்டரோடு வேலியை இடித்துக்கொண்டு உள்ளே வந்து அணைத்தார். “வைக்கத் தெரிஞ்சா போதுமா?” என்றார். அழுதேன். பொந்து கருகிவிட்டது.

பிப்ரவரி 16

பறவைகளைக் காணோம்.

பிப்ரவரி 21

இன்றும் இல்லை. எல்லரியிடமிருந்து செய்தி: அளவுகள் அருமையாக வந்திருக்கின்றனவாம். வாழ்க.

மார்ச் 3

ஹார்லன் போன். வழக்கமான திட்டு என்று எடுத்தேன்.

“உன் பறவைங்க ரெண்டும் என் வேலியோரத்துப் பழைய பைன்ல தட்டிக்கிட்டிருக்கு.”

“நிஜமாவா? புதர் இருந்தா தங்காதே...”

“அதான் தினமும் சொல்றியே! எப்ப வந்து கொளுத்துவ?”

ஓடினேன். அந்த மரத்தைச் சுற்றிச் சருகை அவரே கூட்டியிருந்தார். நான் ஒருநாளும் அவ்வளவு அகலமாகக் கூட்டியதில்லை. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்த டாக்டரை மட்டும் கூட்டிட்டு வராத” என்றார்.