வக்கீல் சாகாத அறுபத்திரண்டு எபிசோடுகள்

புரட்டாசி 9, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. கொடியில் போட்ட துணி காயவும் இல்லை, நனையவும் இல்லை.

ஒரு உண்மை. இந்த நோட்டைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடியது அல்ல. மதியம் ஒன்றரை மணித் தொடரில் வரும் வக்கீலைக் கொன்றது நான்.

என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர் காட்டில் போர் போட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஆறு மணி ஆனால் போன். "அப்பறம் என்னாச்சு புள்ள?" என் சளி, காய்ச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான். அன்றைக்குத் தொடரில் நடந்ததை நான் சொல்ல வேண்டும். நானோ காலையெல்லாம் ஜாக்கெட் தைத்து, சோறு உண்டு, டி.வி. முன்னால் உட்கார்ந்தால் டைட்டில் பாட்டு முடியுமுன் குறட்டை. தூங்கிப்போனேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டேன். தொடரில் வரும் மாமியாருக்கு ஒரு கை விளங்காமல் போனது என் வேலை. கொழுந்தனை ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதும் நானே. சொத்து வழக்கில் எனக்கே சிக்கல் முற்றிப்போய், வக்கீலைச் சங்ககிரி பைபாஸில் லாரி ஏற்றி முடித்தேன்.

அன்றைக்கு இவர் இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். எனக்கு விருது கொடுத்த மாதிரி இருந்தது.

இப்போது மூன்று மாதமாக ஊரில். வண்டி பட்டறையில், இவரும் பட்டறையில். ஆறு மணிக்கு டீயோடு அதே கேள்வி.

புரட்டாசி 10, வெள்ளி

வெயில். மூன்று ஜாக்கெட், ஒரு பாவாடை நாடா.

இவருக்குப் புதுப் போன். பழையது போன டிரிப்பில் கடைசியாகத் துளை போட்ட பாயிண்டில் சேற்றில் விழுந்து சமாதி. காட்டில் பேசத்தான் சிக்னல் கிடைக்கும், படம் ஓடாது. ஊரிலேயே தொடரை ஏற்றிக் கொடுத்துவிட்டால் அங்கே நெட் இல்லாமல் பார்க்கலாமாம். ராய்ப்பூரில் வண்டி இன்ஜின் வேலைக்கு நின்ற இருபது நாளும் மனுஷன் லாட்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாராம், பாவம்.

பக்கத்து வீட்டுக் கமலா மாவு கொடுக்க வந்தவள், காலேஜ் படித்தவர்களே போன் கடையில் கொடுத்துத்தான் ஏற்றுகிறார்கள் என்றாள். இவரும் மேலும் கீழும் பார்த்து, "உன்னால ஆவுமா?" அவ்வளவுதான். மிஷின் ஊசி விரலில் ஏறிய மாதிரி ரோஷம்.

ஆப் இறங்கியது. அது என்னிடம் கேட்டவை:
– மைக்கைத் தொடலாமா
– எங்கே இருக்கிறாய்
– அறிவிப்பு அனுப்பலாமா
– என்ன பாஷை

பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி. இவர் நம்பரைப் போட்டேன், ஓ.டி.பி. வந்தது, அதையும் போட்டேன். உடனே 'மீண்டும் வருக' என்றது. முதல் தடவை வருகிற ஆளைப் போய்! ஊர் எல்லையில் வளைவு வைத்த மாதிரி நல்ல மரியாதை.

தொடர் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு எபி. படத்துக்கு அடியிலும் பைப்பிங் வைத்துத் தைத்தது போல ஒரு சிவப்புக் கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பார்க்க லட்சணம். தைத்தவனுக்குக் கை சுத்தம்.

யார் உதவியும் இல்லை. யார் உதவியும் இல்லை என்று கமலாவிடம் நாலு தடவை சொன்னேன்.

புரட்டாசி 11, சனி

பெருமாளுக்கு விரதம். இலை போட்டுச் சாப்பாடு.

கீழ்நோக்கி இருக்கும் அம்புக்குறியை அமுக்கினால் ஏறுகிறது. கீழே பார்க்கும் அம்பு எப்படி ஏற்றும் என்று கேட்கக் கூடாது. பதினோரு எபி. முடிந்ததும் இன்றைய டேட்டா காலி. நடுவில் கை தவறி யானைக்குட்டிப் பாட்டு இரண்டு ஏறிவிட்டது. இருக்கட்டும்.

இனி ஏற்ற வேண்டிய எபி.களின் படங்களைச் சும்மா தள்ளிப் பார்த்தேன். எபி. 34இல் கை நின்றது. கறுப்புக் கோட்டு, நெற்றியில் விபூதி. வக்கீல். உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். என் கணக்குப்படி அவர் செத்துப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

இத்தனை நாள் சொன்னதெல்லாம் புளுகு என்று என் கையாலேயே ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மணிக்கு இனி என்ன கேட்பார்? கேட்கத்தான் செய்வாரா?

புரட்டாசி 13, திங்கள்

புழுக்கம்.

முப்பதோடு நிறுத்திவிட்டு, போனில் இடமில்லை என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். சோறு உண்ணும்போது இவர் சொன்னார், "பட்டறையில அத்தன பேத்துகிட்டயும் சொல்லிப்போட்டேன் புள்ள. எங்கூட்டுக்காரி கைப்பட ஏத்தறான்னு. மேனேஜர் அசந்துட்டாரு."

மேனேஜர் அசந்துவிட்டாராம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் என் சமையலைக்கூட இவர் வெளியே புகழ்ந்ததில்லை. ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. பெருமை ஜெயித்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று ஏற்றத் தொடங்கினேன். எபி. 34க்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. கம்ப்ரசருக்கு, ரிக் டவருக்கு, என் தையல் மிஷினுக்கு, கத்தரிக்கோலுக்குச் சந்தனம் குங்குமம். இவர் தன் போனையும் எடுத்து வந்து வைத்தார். அதற்கும் ஒரு பொட்டு. கேமரா மேல் வைத்துவிட்டேன், துடைத்தாகிவிட்டது.

மொத்தம் 62. அதற்குமேல் இடமில்லை. யானைக்குட்டியை அழித்து இடம் பண்ணித்தான் கடைசி இரண்டையும் ஏற்றினேன். திருச்செங்கோட்டில் என் வயதில் இதை யார் செய்திருப்பார்கள் என்று தெரியவில்லை. விசாரிக்கவும் போவதில்லை.

புரட்டாசி 16, வியாழன்

காலை ஒன்பதரைக்குப் பூசணிக்காய் உடைத்து வண்டி கிளம்பியது. இவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, "போயிட்டு வாரேன்" என்றார். பையில் போன். போனில் வக்கீல், முழு ஆரோக்கியத்துடன்.

வீட்டுக்குள் வந்தால் டி.வி.யைப் பார்க்கவே பயம்.

புரட்டாசி 20, திங்கள்

தூறல். நாலு நாளாகச் சிக்னல் இல்லை, போனும் இல்லை. இன்று ஆறு மணிக்கு அடித்தது. எடுக்கவா வேண்டாமா. ஆறாவது ரிங்கில் எடுத்தேன்.

"அப்பறம் என்னாச்சு புள்ள?"

அதான் அத்தனையும் ஏற்றிக் கொடுத்தேனே, பார்க்கவில்லையா என்றேன்.

"எங்க புள்ள, திறக்கவே நேரமில்ல. நீயே சொல்லு. அந்த வக்கீல் பொண்டாட்டி இப்ப எப்பிடி இருக்குது?"

"தேறி வருதுங்க. தையல் மிஷின் ஒண்ணு வாங்கியிருக்குது."

அந்தப் பக்கம் நீளமாக இருமல். போர் தூசி என்றார். வெந்நீர் குடிக்கச் சொன்னேன்.

வைத்த பிறகு சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். அறுபத்திரண்டு எபி. சட்டைப்பையில் கிடக்க, மனுஷனுக்கு என் வாயால் கேட்டால்தான் ஆகிறது. தொடர் எடுப்பவர்கள் என்னிடம் வந்து படிக்கலாம்.

புரட்டாசி 23, வியாழன்

தெருவில் என் பெயர் இப்போது 'ஏத்தற அக்கா'. ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் போனையும் சேர்த்து நீட்டுகிறார்கள். இதுவரை என் கைபட்டவை: இட்லிக்கடை அம்மா, பால் சொசைட்டி மேஸ்திரி, இன்று கமலா.

கமலா போனில் தொடர் வந்தது, ஆனால் படத்துக்கு அடியில் பைப்பிங் இல்லை. உன்னுடையது பழைய மாடல், அதற்கெல்லாம் வராது என்றேன். முகம் சுண்டிப்போனாள். எனக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

இவரிடம் இன்று கொழுந்தனை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்துவிட்டேன். மறுபடியும் இருமல். நல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

புரட்டாசி 25, சனி

விடியலிலிருந்தே வெயில். இரண்டு ஜாக்கெட் வெட்டி வைத்தேன், தைக்கவில்லை.

கமலா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், முகமெல்லாம் பல். "ஏனுங்கக்கா, எனக்கும் பைப்பிங் வந்திருச்சுங்க." வாங்கிப் பார்த்தேன். முதல் எபி.யில் ஓரம் வரை சிவப்பு. இரண்டாவதில் பாதி வரை. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. அரைகுறையாக இருக்கிறதே, உன் போன் கோளாறு என்றேன்.

"இல்லீங்கக்கா. ரெண்டாவதப் பாத்துட்டிருக்கயில பாதியில கரண்டு வந்துச்சு, மாவு ஆட்டப் போயிட்டேனுங்க. பாத்த வரைக்கும்தான் செவப்பு ஓடுது."

இவர் போனில் அறுபத்திரண்டுக்கும் ஓரம் வரை ஓடியிருந்தது. நான் ஆப் போட்ட முதல் நாளே. 'மீண்டும் வருக' என்றது இவரை; ராய்ப்பூர் லாட்ஜில் இருபது நாளும் இவர் பார்த்தது சுவரை அல்ல.