ஏழு மணிக்கு வேறொரு திரை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அப்பாவின் ரத்தக் கொதிப்பும் என் முழங்காலும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீ நலம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிறாய், அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். இதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் தட்டி அனுப்பினால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். என் கையெழுத்து என்றால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாக வேண்டும். படி.

விஷயம் நம் வீட்டு ஓடிடி சந்தாக்கள். இதற்கா இத்தனை பக்கம் என்று சிரிக்காதே. மூன்று கம்பெனிக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே மாதத்தில் விலையை ஏற்றிவிட்டார்கள், மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் முப்பதாம் தேதிக்குள் நிறுத்திவிடுவது என்று உன் அப்பா தீர்மானம் போட்டார். அதில் முதலில் வெட்டுப்படவிருந்தது நாம் சேர்ந்து பார்க்கும் கணக்கு. அது போனால் அதில் உன் பெயர் போட்ட கட்டமும் போகும். அது போகக்கூடாது என்று நான் தலைகீழாக நின்றேன், ஏன் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நேராகச் சொல்ல வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

மூன்றும் எது எது என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கென்று வாங்கிய பந்துக்காரன் ஒன்று. வருடத்தில் பதினொரு வாரம் கிரிக்கெட் ஆட்டம் காட்டுவான், மிச்ச நாளெல்லாம் பழைய ஆட்டம். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தே உன் அப்பா நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். சித்தப்பா வீட்டில் வாங்கும் அழுமூஞ்சி ஒன்று, அதில் வருகிறவர்கள் எல்லோரும் மாடிப்படியில் நின்றுகொண்டு அழுவார்கள். அதை அவர் நமக்குத் தருவார், நம்முடையதை நாம் அவருக்குத் தருவோம். மூன்றாவது நம்முடையது, நீ ஊரை விட்டுப் போன வாரம் வாங்கியது. மூன்று பேரும் எழுதியிருக்கும் கடிதத்தைப் பார்க்க வேண்டுமே. உங்களுக்கு இன்னும் சிறந்த அனுபவத்தைத் தரும் பொருட்டு விலையை மாற்றியமைக்கிறார்களாம். எங்கள் கண்ணாடிக் கடையில் பிரேம் விலையை ஏற்றினால் ஏற்றிவிட்டோம் என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம். அந்த அளவுக்காவது வெட்கம் இருக்கிறது. பழைய விலையே வேண்டுமென்றால் விளம்பரத்தோடு பார்க்கலாமாம், காசையும் கொடுத்து விளம்பரத்தையும் பார்ப்பதற்குப் பெயர் சலுகை. அடிப்படைத் திட்டம், இடைநிலைத் திட்டம், உயர்நிலைத் திட்டம் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறான். நான் பார்வை சோதிக்கும்போது இதுவா அதுவா என்று கேட்டு ஒரே லென்ஸை இரண்டு தடவை போட்டுக் காட்டுவதுண்டு, பத்தில் ஏழு பேர் இரண்டாவதுதான் தெளிவு என்பார்கள். நானாவது ஆளைத் தெரிந்துகொள்ளத்தான் அப்படிச் செய்கிறேன். இவன் அதற்கே பில் போடுகிறான்.

போன சனிக்கிழமை இதற்காகச் சித்தப்பா வந்தார். டிரைவிங் பள்ளியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே பழகியவர், எதை முடிவு செய்யப் போனாலும் நடுவில் ஒரு மிதி. இதை நிறுத்தலாம் என்றால் அவசரப்படாதீங்க என்பார், சரி வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுக்கும் அவசரம் என்ன என்பார். அப்பா ஒரு அட்டையில் மூன்று கோடு போட்டு நல்லது கெட்டது எழுதினார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பந்துக்காரன் பக்கம் மட்டும் நல்லது நிறைந்திருந்தது, கையெழுத்து யாருடையது என்று நான் கேட்கவில்லை. இதற்கு நடுவில் புது விதி வேறு. ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்கள்தான் குடும்பமாம். கூரைக்கு வெளியே இருப்பவர் கூடுதல் உறுப்பினராம், அவருக்குத் தனிக் கட்டணமாம். நம் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் சித்தப்பா அந்த நேரத்துக்குக் குடும்பம். நீ வெளியாள். கண்ணுக்குத் தெரியாத எவனோ ஒருவன் என் வீட்டில் யார் யார் என்று கணக்கெடுத்து எனக்கே சொல்கிறான், அதையும் எழுத்துப் பிழையோடு சொல்கிறான்.

இனி சுற்ற இடமில்லை. நம் கணக்கு ஒரு நேரத்தில் ஒரு திரைக்குத்தான். அவளுக்குப் பகல்னா நமக்கு ராத்திரி, நேரமே முட்டாது, ரெண்டு திரைக்கு எதுக்குக் காசு என்று அந்த மலிவுத் திட்டத்தை வாங்கியவர் உன் அப்பாதான். இரண்டு வருடம் முட்டவும் இல்லை. நாங்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு உட்காருவோம், அங்கே உனக்குக் காலை ஒன்பதரை, நீ அலுவலகத்தில் இருப்பாய். நீ பார்க்கும் நேரத்தில் நாங்கள் தூக்கத்தில் இருப்போம். யாரும் பேசி வைக்கவில்லை, தானாகவே முறை வைத்துக்கொண்டது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குத் திரையில் ஒரு வரி வந்தது. உங்கள் கணக்கை வேறொரு திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதன்கிழமையும் வந்தது. வியாழக்கிழமையும்.

அப்பா முதலில் சித்தப்பாவைப் பிடித்தார். ஏழு மணிக்கு எவனோ ஒருத்தன் சுவத்துல மோதாம இருக்கிறதுக்கு நான் உயிரைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன், எனக்கு எங்கண்ணே படம் என்று அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அப்பா கம்பெனிமேல் பாய்ந்தார். எட்டுப் பேர் போகிற லிஃப்டில் ஒருத்தர் ஏறினதுமே பாரம் அதிகம் என்று மணி அடித்தால் அந்த லிஃப்டை ரிப்பேர் செய்கிற தன்னை விடுவார்களா, பெரிய திட்டம் விற்பதற்காக வேண்டுமென்றே அடைக்கிறான், இந்தக் கணக்கைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்று தினமும் ஒரு சொற்பொழிவு. நீயாக இருக்குமோ என்ற நினைப்பு மட்டும் அவருக்கு வரவே இல்லை. கூடத்தில் உன் ஊர் நேரம் காட்டும் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பார், இந்நேரம் அவ ஆபீஸ்ல இருப்பா என்பார், யாரோ திருடன் என்பார். நீ சொன்னதை அப்படியே நம்புகிற ஆள். எனக்கு அந்தக் குணம் கிடையாது, உனக்கே தெரியும்.

எனக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது போனில் உன் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் பார்த்தேன். வீட்டை இடித்துக் கட்டும் நிகழ்ச்சி. மொத்தம் அறுபத்தொரு பாகம். புது அடுப்படியைப் பார்த்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிப்பிடித்து அழுகிற நிகழ்ச்சி, அதற்கு நம் அழுமூஞ்சி எவ்வளவோ மேல், அதில் அழுவதற்குக் காரணமாவது இருக்கும். நீ இதையெல்லாம் பார்க்கிற பெண் இல்லை. வீட்டுக் கதவு பழுதானால்கூட அது என்னவோ அடுத்தவர் வீட்டுக் கதவு என்பதுபோலத் தாண்டிப் போகிறவள். ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்தால் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அந்த நாலு நாளாக உன்னிடம் அதைக் கேட்டது அந்தக் கம்பெனி மட்டும்தான் என்று நினைத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எதிரே அகப்பட்டவர் ஒரு வயதான கணக்குப்பிள்ளை, அவருக்குக் கண்ணாடி பவரில் ஒரு எண் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் கூப்பிட்டு மாற்றினேன்.

அந்த ஞாயிறு நீ பேசினாய். வேலை ஜாஸ்தி, நிமிரவே நேரமில்லை என்றாய். நான் சாப்பாட்டைக் கேட்டேன், குளிரைக் கேட்டேன், கேட்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்டேன். அதற்கப்புறம் ஏழு மணி ஆனால் அப்பாவைத் திரையிலிருந்து தள்ளி வைப்பதே எனக்கு வேலை. முழங்காலுக்கு நல்லது என்று நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன், தெருக்கோடி வரை போவதற்குள் முழங்கால் என்னைத் திட்டியது. ஒருநாள் பின்பக்கத்து ஒயரைத் தளர்த்தி வைத்தேன். முப்பது வருடம் ஒயரோடு மல்லுக்கட்டிய மனிதரிடம் போய் அந்த வித்தை, அரை நிமிடத்தில் செருகிவிட்டார். நீ காலை ஒன்பதரைக்கு எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அதிலிருந்தும் உன்னை எழுப்பிவிட வேண்டாம் என்பதுதான் எனக்கு. வேறு திட்டம் ஒன்றும் இல்லை. புத்திசாலித்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்துகொண்டு புருஷனைத் தெருவில் நடத்துகிறவளை என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும்.

நேற்று புதன்கிழமை எனக்குக் கடையில் தாமதமாகிவிட்டது. நான் உள்ளே நுழையும்போது அப்பா கம்பெனிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்திருந்தார். திருடனைப் பிடித்துக் கொடு, இல்லையென்றால் இந்த நிமிடமே கணக்கை முடி என்று சண்டை. எதிர்முனையில் உன் வயதுப் பெண் குரல். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. அப்புறம் சொன்னது:

"திருடன் இல்ல சார். உங்க பொண்ணு பேர் போட்ட கட்டத்துலதான் ஓடுது. வேற ஊர்லருந்து. வாரநாள்ல தினமும் இந்த நேரம் பாக்கிறாங்க. இப்பவும் பாத்துட்டுதான் இருக்காங்க. வெளியேத்திடவா சார், ஒரு பட்டன்தான்?"

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். உன் கடிகாரத்தை. பத்து பத்து. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வேணாம்மா. அவ பாக்கட்டும்."

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டது. ஒன்றும் வேண்டாம், ரொம்ப நன்றி என்றார். கம்பெனிக்காரர் ஒருவருக்கு அவர் நன்றி சொல்லி இன்றுதான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். எத்தனை நாளாகத் தெரியும் என்றார். மூன்று வாரம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தார் பார். சண்டைக்காரர் ஒரே நிமிடத்தில் வள்ளல் ஆகிவிட்டார். நான்கு திரைத் திட்டமாம், அதுதான் இருப்பதிலேயே பெரியதாம், கூடவே உனக்குக் கூடுதல் உறுப்பினர் கட்டணமாம். மனசு உறுத்துகிறவர்களை நம்பித்தான் அந்தத் திட்டத்தையே வைத்திருக்கிறான் என்றேன், காதில் விழவில்லை. போனில் உன் பெயரைத் தட்டினார். கீழே ஒரு கட்டம், இவர் இந்த வீட்டில் வசிக்காதவர் என்பதை உறுதி செய்கிறேன், டிக் போடு என்றது. விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கி விடுகிற விரல், அந்த ஒரு இடத்தில் இறங்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஆகவே நாம் காசு கட்டும் இரண்டையும் நிறுத்துகிறோம். பந்துக்காரனையும்தான், அது அவர் வாயாலேயே வந்தது, நான் வற்புறுத்தவில்லை. சித்தப்பா தன்னுடையதை வைத்துக்கொள்வார், நிறுத்துவதற்கு அவருக்கு இன்னும் ஆறு மாதம் யோசிக்க வேண்டும். நம் கணக்கு முப்பதாம் தேதி வரை ஓடும். உன் வீடிடிக்கிற நிகழ்ச்சியில் இன்னும் இருபத்திரண்டு பாகம் பாக்கி இருக்கிறது, உன் வேகத்துக்கு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும், ஏழு மணிக்கு நாங்கள் குறுக்கே வரமாட்டோம். உன் கட்டத்தையும் இனி நான் திறந்து பார்க்க மாட்டேன். பார்த்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குளிரைப் பற்றிக் கேட்டது.

வேலை போனதா, நீயே விட்டாயா, உடம்புக்கு ஏதாவதா, வேறு ஏதாவதா, எதையும் இந்தத் தாளில் நான் கேட்கப்போவதில்லை. எதுவாக இருந்தாலும் அதற்காக நீ எங்களிடம் தயார் செய்துகொண்டு பேச வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. பணம் வேண்டுமென்றால் ஒரு வரி போதும், காரணம் எழுதாதே.

ஒன்றே ஒன்று நினைவில் வைத்துக்கொள். ஒன்றாம் தேதியிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு எங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, அதனால் தினமும் உன்னைக் கூப்பிடுவோம். நீ அலுவலகத்தில் இருந்தால் எடுக்காதே, நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம், அடித்து அடித்து நிற்கட்டும். வீட்டில் இருந்தால் எடு. எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தாலும் சரி, அப்பாவிடம் உனக்குச் சொல்ல லிஃப்ட் கதை நிறைய இருக்கிறது.

உனக்கு நல்லது நடக்கட்டும், நடக்கிற வரை தெம்பு இருக்கட்டும். அப்பா இதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார், மாற்ற ஒன்றும் இல்லை என்கிறார், அவர் ஆசியும் இதிலேயே சேர்த்தி.

உன்
அம்மா