குழாயடியில் சொல்லாதது

கட்டிலோரத் தரையை இன்று மூன்றாவது முறையாகத் துடைத்தேன். வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை. துடைத்த துணியில் கார்பாலிக் சோப்பு வாசம். அந்தச் சோப்பை நான் தொட்டே வருஷக்கணக்காகிறது. வந்திருப்பது நீதான்.

எழுபதுகளில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒரே வார்டு நர்ஸுகள். பகல் டியூட்டி முடிந்ததும் பின்பக்கக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாய். அன்று யாராவது இறந்திருந்தால் வார்டைத் திரும்பிப் பார்த்து, "நான் போறேன். நீங்க இங்கனயே இருங்க" என்பாய்.

"யாருகிட்ட ஏளா பேசுத?" என்று கேலி செய்வேன்.

"சொல்லலேன்னா கூடவே வந்துருவாங்க. அப்புறம் நாளைக்கு எப்படி வேலை பாக்க?"

நமக்கு அழ நேரமேது. தொப்பி நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் மேட்ரன் பார்ப்பார். உன்னைத் தாங்கியது அந்த ஒரு சொல்தான்.

பிறகு தருவைகுளத்துச் சங்கு குளிக்கிறவர் வந்தார். கடலுக்கடியில் மூச்சு முட்டியவரைத் தூக்கி வந்திருந்தார்கள். உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தனியா விட்டுராதீங்க சிஸ்டர்" என்றார். "விடமாட்டேன் அண்ணாச்சி" என்றாய். மதியத்துக்குள் போய்விட்டார். குழாயடியில் நீ வாயே திறக்கவில்லை.

"சொல்லிட்டு வா ஏளா" என்றேன்.

"வாக்குக் குடுத்துட்டேனே."

மறுநாள் முதல் ஹாஸ்டலில் உன் கட்டிலோரம் ஈரம். தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. நீ சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. எனக்கு அந்த ஈரத்தைவிட உன்னை நினைத்துத்தான் பயம். ஒரு மதியம் உனக்குத் தெரியாமல் குழாயடியில் நின்று, "அவ தாங்கமாட்டா அண்ணாச்சி. நீங்க இங்கனயே இருங்க" என்றேன். அன்றைக்கே தரை காய்ந்தது. நீயும் மெல்லத் தேறினாய். சொன்னது யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்காமலே தெரிந்திருக்கிறது. போன மாதம் உன் கடைசிப் படுக்கையில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். "என்கிட்ட மட்டும் அதச் சொல்லிராத ஏளா" என்றாய்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது, பழக்கத்தில் அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வா ஏளா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

தரை ஈரமாகவே இருக்கட்டும். இனித் துடைக்கமாட்டேன்.